ஆண்டவர் என்றால் யார்? இயேசுவின் இறைத்தன்மை பற்றிய விவாதமும் தமிழகத்தில் அதன் சுவடும்

இயேசு கிறிஸ்து உண்மையான கடவுளா, அல்லது கடவுளால் அனுப்பப்பட்ட ஒப்பற்ற மனிதரா? தந்தையாகிய கடவுளுக்கும் அவருக்கும் உள்ள உறவு எத்தகையது? திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளை உலுக்கிய கேள்விகள் இவை. கி.பி. 325-ஆம் ஆண்டில் கூடிய நீசேயாப் பொதுச்சங்கம் இவற்றுக்கு விடை கூறியது. அதன் 1700-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2025 நவம்பர் 28 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ, துருக்கியின் இஸ்னிக் நகருக்குச் சென்று, கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவோடு சேர்ந்து செபித்தார். இஸ்னிக்தான் பண்டைய நீசேயா.

எங்கோ தொலைவில், என்றோ முடிந்துபோன வழக்கு இது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் 230 ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு தமிழர் இதே வழக்கை மீண்டும் எழுப்பினார். அவரைப் பற்றி நம் மறைக்கல்வி நூல்களில் எதுவும் இல்லை. அவர் என்ன கேட்டார், திருச்சபையின் விடை அவருக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை அறிவதற்கு முன், நம் வாயில் நாள்தோறும் வரும் ஒரு சொல்லைப் பார்ப்போம்.

ஒரு சொல், பல தலைவர்கள்

நாம் வாழும் நயினார்கோவில் என்ற ஊர்ப்பெயரிலேயே 'தலைவர்' என்ற பொருள் இருக்கிறது. நாகநாதர் கோவிலால் பெயர்பெற்ற ஊர் இது. இசுலாமியச் சகோதரர்களும் அக்கோவிலுக்கு வருவதை நாம் அறிவோம். 'நயினார்' என்பது இந்துக்களிடையே பெயராக இருக்கிறது. 'நயினார் முகம்மது' என்று இசுலாமியரிடையே இருக்கிறது. தமிழ்ச் சமணர்களுக்கு அது பட்டப்பெயர். 'ஆண்டவர்' என்ற சொல்லும் அப்படித்தான். பழனி ஆண்டவர் என்கிறார்கள், நாகூர் ஆண்டவர் என்கிறார்கள், நாம் ஆண்டவர் இயேசு என்கிறோம். 1578-இல் கொல்லத்தில் அச்சான, தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூலுக்கு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் வைத்த பெயர் 'தம்பிரான் வணக்கம்'. 'தம்பிரான்' என்பதும் தலைவர் என்பதே.

எனவே ஒருவர் இயேசுவை 'ஆண்டவர்' என்று அழைப்பதை மட்டும் வைத்து, அவர் இயேசுவைக் கடவுள் என நம்புகிறார் என்று முடிவு செய்ய இயலாது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியிலும் இதே நிலைதான். அங்கே 'கீரியோஸ்' என்ற சொல் இஸ்ரயேலின் கடவுளையும் குறிக்கும், உரோமைப் பேரரசனையும் குறிக்கும், அடிமையின் எசமானையும் குறிக்கும், முன்பின் தெரியாத ஆளை மரியாதையாகக் கூப்பிடவும் உதவும். சமாரியப் பெண் கிணற்றடியில் இயேசுவை விளித்தது அந்தச் சொல்லால்தான் (யோவா 4:11). நம் விவிலியத்தில் அது 'ஐயா' என்று இருக்கிறது. உயிர்த்த ஆண்டவரின் காயங்களைக் கண்ட தோமா சொன்னதும் அதே சொல்தான். ஆனால் அவர் அதோடு நிறுத்தாமல், 'கடவுள்' என்ற சொல்லையும் சேர்த்தார் (யோவா 20:28). மயிலாப்பூரில் தம் இரத்தத்தைச் சிந்தியதாக நம் மரபு போற்றும் திருத்தூதரின் அறிக்கை அது.

ஆரியுஸ் சொன்னது என்ன?

எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்ற குரு இருந்தார். தவ வாழ்வு வாழ்ந்தவர், நன்கு மறையுரையாற்றக்கூடியவர். ஏறத்தாழ 318-ஆம் ஆண்டு அவருக்கும் அவருடைய ஆயர் அலெக்சாந்தருக்கும் இடையே கருத்து மோதல் எழுந்தது. ஆரியுஸ் இயேசுவை மதிக்காதவர் அல்லர். ஆண்டவர், மீட்பர், இறைமகன் ஆகிய பட்டங்கள் அனைத்தையும் ஏற்றார். ஆனால் கடவுள் ஒருவரே, அவருக்குத் தொடக்கம் இல்லை. மகன் என்றால் தந்தைக்குப் பிறகு வந்தவர்தானே, ஆகவே மகனுக்குத் தொடக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் முன்பாகப் படைக்கப்பட்ட, எல்லாவற்றிலும் சிறந்த படைப்பு அவர் என்று போதித்தார். ஞானம் தன்னைக் கடவுள் படைத்ததாகக் கூறும் பகுதியையும் (நீமொ 8:22), தந்தை தம்மைவிடப் பெரியவர் என இயேசுவே கூறியதையும் (யோவா 14:28) சான்றாகக் காட்டினார்.

கப்பல்காரர்களும் திரிகை அரைப்பவர்களும் வழிப்பயணிகளும் பாடும்படி அவர் தம் கொள்கையைப் பாட்டாகக் கட்டினார் என்கிறது ஒரு பழைய வரலாறு. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு நம் கடற்கரையில் எவ்வளவு எளிதாகப் பரவும் என்பதை அறிந்தவர்களுக்கு, அவருடைய போதனை துறைமுகம் துறைமுகமாகப் பரவியதில் வியப்பு இராது.

பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களை நீசேயாவில் கூட்டினார். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு; 250 முதல் 300 வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. விவிலியச் சொற்களைக் கொண்டே அறிக்கையை எழுதலாம் என்றுதான் முதலில் முயன்றார்கள். ஆனால் எந்தச் சொல்லை முன்வைத்தாலும் ஆரியுசின் ஆதரவாளர்கள் தங்கள் பொருளில் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே அவர்களால் எவ்வகையிலும் ஏற்க முடியாத ஒரு சொல்லைச் சங்கம் தேடியது. 'ஹோமோஊசியோஸ்' என்ற அந்தச் சொல் விவிலியத்தில் இல்லை. அதனால் ஆதரித்த ஆயர்களிலேயே பலருக்கு அது உறுத்தியது. 'ஒரே பொருளானவர்' என்று தமிழில் சொல்கிறோம்.

இந்தத் தமிழ்ச் சொல்லைச் சற்று விளக்கியாக வேண்டும். 'பொருள்' என்றதும் கடைச் சரக்கோ சொத்தோ நினைவுக்கு வருகிறது. இங்கே அது 'மெய்ப்பொருள்', 'பரம்பொருள்' என்பதில் உள்ள பொருள்; ஒன்றை அதுவாக இருக்கச் செய்வது எதுவோ அது. மானாமதுரையில் குயவர் பானை வனைகிறார். அவருக்குப் பிள்ளையும் பிறக்கிறது. பானை அவர் கையால் உருவானது, ஆனால் அது மண். பிள்ளை அவரைப் போலவே மனிதர். இயேசு தந்தையின் கைவேலை அல்லர், தந்தையிடமிருந்து பிறந்தவர் என்று சங்கம் சொன்னதன் பொருள் இதுவே. மனிதரிடையே தந்தை முதலிலும் மகன் பிறகும் வருவர்; கடவுளிடம் முன், பின் என்பது இல்லை. இப்பிறப்பு உடல்சார்ந்ததும் அன்று. இசுலாமிய நண்பர்கள் 'மகன்' என்ற சொல்லைக் கேட்டு அதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த உடல்சார்ந்த எண்ணம்தான்; அதை நாமும் அவர்களைப் போலவே மறுக்கிறோம் என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூவொரு இறைவனை விளக்க, ஒரே நீர் பனிக்கட்டியாகவும் தண்ணீராகவும் ஆவியாகவும் மாறுவதை எடுத்துக்காட்டாகச் சொல்லாதீர்கள். ஒரே ஆள் மூன்று வேடம் போடுவதாக அதற்குப் பொருள் வந்துவிடும். மூன்றாம் நூற்றாண்டிலேயே சபேலியுஸ் என்பவர் பெயரால் கண்டிக்கப்பட்ட தப்பறை அது. யோர்தானில் மகன் நீரில் நிற்கிறார், தந்தையின் குரல் கேட்கிறது, தூய ஆவி இறங்குகிறார் (மாற் 1:9-11). பொருள் ஒன்று, ஆட்கள் மூவர்.

வாக்கெடுப்பால் கடவுளானவரா?

'டா வின்சி கோட்' நாவல் 2003-இல் வெளிவந்தபின், நீசேயாவில் சிறிய வாக்கு வித்தியாசத்தில்தான் இயேசு கடவுளாக்கப்பட்டார் என்ற கதை நம் கல்லூரி மாணவர்கள் வரை வந்துவிட்டது. 2006-இல் திரைப்படத்துக்குத் தமிழக அரசு தடை விதித்தது. தடை விதிப்பதால் கேள்வி மறைந்துவிடுமா என்ன? உண்மையைச் சொல்வதே நல்லது. நீசேயாவின் அறிக்கையை இறுதிவரை ஏற்க மறுத்து ஆரியுசோடு நாடு கடத்தப்பட்ட ஆயர்கள் இருவர் மட்டுமே.

இயேசுவைக் கடவுளாக வழிபடுவதும் நீசேயாவில் தொடங்கியது அன்று. ஏறத்தாழ 112-ஆம் ஆண்டில் பித்தினியா மாநில ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று, கிறிஸ்தவர் அல்லாத அந்த அதிகாரியே அதில் தெரிவிக்கிறார். நீசேயா நகரம் இருப்பது அதே பித்தினியாவில்தான். அங்கு ஆயர்கள் கூடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணின் எளிய மக்கள் தங்கள் பாட்டில் விடையைச் சொல்லியிருந்தார்கள்.

அரசரின் ஆதரவால் வென்ற கொள்கை என்பதும் சரியன்று. கான்ஸ்டன்டைனே பின்னர் ஆரியுசை நாடு திரும்ப அனுமதித்தார். 337-இல் சாகும் தறுவாயில் அவருக்குத் திருமுழுக்கு அளித்த ஆயர், ஆரியுசின் நண்பர். அவருடைய மகன் கான்ஸ்டான்சியுஸ் நீசேயாவுக்கு எதிரானவர். நீசேயாவுக்குத் திருத்தொண்டராகச் சென்று, 328-இல் அலெக்சாந்திரியாவின் ஆயரான புனித அத்தனாசியு ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார்; 45 ஆண்டு ஆயர் பணியில் ஏறத்தாழ 17 ஆண்டுகளைத் தம் மறைமாவட்டத்துக்கு வெளியே கழித்தார். 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் நீசேயாவை மீண்டும் உறுதிசெய்தபோது அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அத்தனாசியுவின் வாதம் எளிமையானது. இயேசு படைப்பு என்றால், அவரை வணங்கும் நாம் படைப்பை வணங்குகிறோம், அது சிலைவழிபாடு. மேலும், படைப்பு ஒன்று இன்னொரு படைப்பைக் கடவுளோடு இணைக்க முடியாது. தனக்கே சொந்தமில்லாத வாழ்வை அது எப்படிப் பிறருக்குக் கொடுக்கும்?

திருவேங்கடம் என்ற வில்லியம் இராபர்ட்ஸ்

இனி சென்னைக்கு வருவோம். திருவேங்கடம் வேளாளர் என்ற பெயருடைய தமிழர் ஒருவர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தார். அடிமையாக இருந்தவர்; ஆங்கிலேயரிடம் பணியாளாக இருந்து இங்கிலாந்து சென்றவர். வில்லியம் இராபர்ட்ஸ் என்ற பெயரோடு கிறிஸ்தவரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருப்பணியை 1773-இல் துறந்த தியோஃபிலஸ் லின்ட்சே, ஆக்சிஜனைக் கண்டறிந்த அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோரின் நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. கடவுள் ஒருவரே, இயேசு அவரால் அனுப்பப்பட்ட மனிதர், மூவொரு இறைவன் என்ற போதனை விவிலியத்தில் இல்லை என்று வாதிட்டவர்கள் அவர்கள். இராபர்ட்ஸ் அதை ஏற்றார். சென்னைக்குத் திரும்பி, 1795-இல் தம்மைச் சூழ்ந்த சிறு குழுவோடு ஒருமைவாதக் கிறிஸ்தவச் சபை ஒன்றைத் தொடங்கினார். வழிபாட்டைத் தமிழிலேயே அமைத்தார். 1813-இல் புரசைவாக்கத்தில் அச்சபைக்கு ஓர் ஆலயம் எழுந்தது. மூவொரு இறைவனை மறுப்பது தண்டனைக்குரியது என்ற சட்டவிதி இங்கிலாந்தில் நீக்கப்பட்டதும் அதே 1813-இல்தான்.

அவரை எளிதாகத் 'தப்பறைக்காரர்' என்று ஒதுக்கிவிடலாம். அது நியாயமாகாது. தம் சொந்த மொழியில், தம் சொந்த அறிவால் நற்செய்தியைப் படித்துக் கேள்வி கேட்ட சாமானியர் அவர். படித்த குருவான ஆரியுசைவிட அவர்மேல் நமக்கு மதிப்பு அதிகம் என்றே சொல்வோம்.

ஆனாலும் அவர் கைவிட்டது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். பிலிப்பியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கடவுள் வடிவில் விளங்கிய கிறிஸ்து அடிமையின் வடிவை ஏற்றார் என்று பவுல் எழுதுகிறார் (2:6-8). சிலுவைச் சாவு உரோமை உலகில் குறிப்பாக அடிமைகளுக்குரிய தண்டனை. இயேசு கடவுளின் மிகச் சிறந்த பணியாளர் மட்டுமே என்றால், அந்தக் கதை இப்படித்தான் முடியும்: எசமான் மேலே இருந்தார், கடினமான வேலைக்கு வேலைக்காரரை அனுப்பினார், வேலைக்காரர் அடிபட்டுச் செத்தார். இது அடிமைகளுக்குப் புதிய செய்தி அன்று. அவர்கள் அன்றாடம் கண்டதுதான். இயேசு தந்தையோடு ஒரே பொருளானவர் என்றால் மட்டுமே, எசமானே இறங்கி வந்து அடிமை நின்ற இடத்தில் நின்றார் என்று சொல்ல முடியும். விலைக்கு விற்கப்படும் நிலையை அறிந்த ஒருவரிடம், நீசேயாவின் அறிக்கையை இந்தக் கோணத்தில் எவராவது எடுத்துச் சொன்னார்களா என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. அறிக்கையை மனப்பாடம் செய்விப்பதோடு நிறுத்திக்கொள்வது எல்லாச் சபைகளிலும் உள்ள பழக்கம்தானே.

கல்கத்தாவில் ஓர் இடைச்சொல்

சென்னையில் அமைதியாக நடந்தது, சில ஆண்டுகளில் கல்கத்தாவில் பெரும் போராக வெடித்தது. 1820-இல் இராஜா ராம்மோகன் ராய், நற்செய்திகளிலிருந்து இயேசுவின் அறநெறிப் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். புதுமைகளும் இறைத்தன்மை பற்றிய பகுதிகளும் அதில் இல்லை. செராம்பூர் பாப்டிஸ்ட் மறைப்பணியாளர் ஜோஷுவா மார்ஷ்மன் கடுமையாக எதிர்த்தார். ராய் 1820, 1821, 1823 ஆகிய ஆண்டுகளில் மூன்று மறுப்புகள் எழுதினார். மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் அச்சகம் மறுத்துவிட, அவரே ஓர் அச்சகம் அமைத்தார்.

இதனிடையே ராயும், வில்லியம் யேட்ஸ், வில்லியம் ஆடம் என்ற இரு மறைப்பணியாளர்களும் சேர்ந்து நற்செய்தியை வங்காளத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். யோவான் 1:3-க்கு வந்தபோது வேலை நின்றது. அனைத்தும் வாக்கா'ல்' உண்டாயின என்பதா, வாக்கின் 'வழியாக' உண்டாயின என்பதா? ஒரே ஓர் இடைச்சொல். முன்னதானால் வாக்கு படைப்பவர்; பின்னதானால் படைப்பவர் கையிலுள்ள கருவி என்று கொள்ள இடமுண்டு. யேட்ஸ் விலகிக்கொண்டார். ஆடம் 1821-இல் ராயின் பக்கம் சாய்ந்து ஒருமைவாதியானார். 'இரண்டாவது ஆதாமும் விழுந்தான்' என்று கல்கத்தா ஆங்கிலேயர் கேலி பேசினார்களாம். 'வழியாக' என்று பெயர்ப்பதால் மட்டும் நம்பிக்கை கெட்டுவிடாது; தந்தை மகன் வழியாகப் படைத்தார் என்பதே திருச்சபையின் போதனையும்கூட. அதற்கு முந்தைய வசனங்களில் அந்த வாக்கு கடவுளாகவே இருந்தது என்று யோவான் சொல்லிவிட்டார். ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அதிகாரத்தை விட்டுவிட்டால் எந்தப் பக்கமும் வாதாடலாம்.

தேநீர்க் கடையில் வரும் கேள்வி

நம் பகுதியில் இக்கேள்வி ராயின் நூல்களிலிருந்து வருவதில்லை, அண்டை வீட்டிலிருந்து வருகிறது. "சாமி, ஈசா நபியே இறைவன்கிட்ட துஆ செஞ்சாரே, அப்புறம் அவரே எப்படி இறைவன் ஆவார்? தனக்குத்தானே வேண்டிக்கிட்டாரா?" என்று கீழக்கரை, பரமக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் உரிமையோடு கேட்பதுண்டு. கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் அன்னை மரியாவின் பெயரையே தாங்கியிருக்கிறது. இசுலாமியர் இயேசுவைக் கடவுளாக ஏற்பதில்லை, ஆயினும் இறைவாக்கினராகப் போற்றுகிறார்கள், அவருடைய தாயை மதிக்கிறார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எடுத்துரைத்தது.

கேள்விக்கு விடை 451-ஆம் ஆண்டு கால்செதோன் சங்கத்தில் இருக்கிறது: இயேசு ஒரே ஆள், அவரில் இறையியல்பும் மனித இயல்பும் கலந்து குழம்பாமலும் பிரிந்துபோகாமலும் இருக்கின்றன. 681-இல் கூடிய சங்கம், அவருக்கு இறை விருப்பமும் மனித விருப்பமும் உண்டு என்று தெளிவாக்கியது. கெத்சமனியில் வேண்டியவர் மகன்; வேண்டப்பட்டவர் தந்தை; வேண்டியது மெய்யான மனித மனத்தோடு, மெய்யான அச்சத்தோடு. அது நடிப்பாக இருந்திருந்தால்தான் நமக்குச் சிக்கல். இந்தப் போதனைக்காகப் புனித மாக்சிமுஸ் 662-இல் நாவும் வலக்கையும் துண்டிக்கப்பட்டு நாடுகடத்தலில் இறந்தார். இறுதி நாள் மகனுக்கும் தெரியாது என்ற வசனத்தை (மாற் 13:32) எவ்வாறு விளக்குவது என்பதில் திருச்சபைத் தந்தையரே வேறுபட்டார்கள். நண்பர் அதைக் கேட்டால், கடினமான வசனம் என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

இந்து உறவினர்கள் கேட்பது வேறு. "நீங்க சொல்றதும் அவதாரம்தானே?" என்பார்கள். எது உயர்ந்தது என்று ஒப்பிட்டுப் பேசுவதில் நமக்கு விருப்பமில்லை. ஆனால் நாம் நம்புவது இதுதான்: இறைமகன் ஒருமுறை மட்டும், பிலாத்து ஆண்ட காலத்தில் சாகும்படியாக, ஒரு தாயின் வயிற்றில் மனிதரானார், உயிர்த்தெழுந்தபோதும் அந்த மனித உடலைக் கழற்றி வைத்துவிடவில்லை. இன்றும் அவர் மனிதர்.

கால்செதோனின் சொற்களை ஏற்காமல் அன்று பிரிந்த திருச்சபைகள் நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் இருக்கின்றன. 1984-இல் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுலும் சிரிய ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் சாக்காவும், 1994-இல் அதே திருத்தந்தையும் கிழக்கு அசீரியத் திருச்சபையின் முதுபெரும் தந்தை 4-ஆம் மார் தின்காவும் பொது அறிக்கைகளில் கையொப்பமிட்டனர். கிறிஸ்துவைப் பற்றிய நம்பிக்கையில் தங்களைப் பிரித்தது பெரிதும் சொற்களே என்று அவற்றில் ஒப்புக்கொண்டார்கள். பதினைந்து நூற்றாண்டுகள் ஆயின.

நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலியில் பெரும்பாலும் சிறியதான திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையையே சொல்கிறோம். 'ஒரே பொருளானவர்' என்ற சொல் அதில் வராது. நீசேயா அறிக்கையைச் சொல்லும் நாள்களில், மகன் மனிதரானார் என்ற இடம் வரும்போது அனைவரும் தலை வணங்க வேண்டும் என்பது ஒழுங்கு. கிறிஸ்து பிறப்பு விழாவிலும், மங்கள வார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25-ஆம் நாளிலும் அந்த இடத்தில் முழந்தாளிடுகிறோம்.